பிரசவ வேதனையும் ஊசி வைத்தியமும்

சென்ற வாரம் ஒரு தோழர் நமக்கு ஒரு கடிதம் எழுதி, அதோடு தமது ஊரில் வழங்கப்பட்ட ஒரு துண்டு நோட்டீசையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அந்த நோட்டீசில், கர்ப்பிணிகள் இனிப் பிரசவ வேதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றும், மருந்தும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம் என்றும், ஐயாயிரம் வருஷத்துச் சீன சாஸ்திரப்படி கையிலும் காலிலும் மயிரிழை போன்ற ஊசி இரண்டு மூன்று குத்தினால் வலி பறந்தோடிவிடும் என்றும் கண்டிருக்கிறது. அக்குபங்சர் என்று சொல்லப்படும் ஊசி வைத்தியம்தான் அது. தோழர் கேட்பதாவது: "என் மனைவிக்கு இது எட்டாவது மாதம். நான் கோவிலுக்குப் போகிறவனல்ல. மந்திரித்துக் கயிறு கட்டுகிறவனுமல்ல. ஆனால் இது மந்திரமல்லவே, ஊசியல்லவா? பகுத்தறிவுக்காரன் இதை ஒப்புக்கொள்ளலாமா? என் மனைவிக்கு வைக்கலாமா?"

கேள்விகள் இரண்டும் நல்ல கேள்விகளே. முதற் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுவோம். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருவோம். அந்தப் பதில் தோழருக்குச் சற்றுக் கசப்பாகவும் இருக்கலாம்.

வேதனை யாருக்கு வேண்டும்?

பிள்ளை பெறுவது பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் நாட்டில் சொல்லாத வீடில்லை. இதைச் சொல்லுகிறவர்கள், அந்த மறுபிறவியைக் கொஞ்சம் சுலபமாக்க என்ன செய்யலாம் என்று யோசித்தார்களா என்றால், அதுதான் இல்லை. அதற்குப் பதிலாகச் சாமிகளை யோசித்து வைத்தார்கள். திருச்சி மலைக்கோட்டையிலே தாயுமானவர் என்று ஒரு சாமி. காவிரியில் வெள்ளம் வந்து தாய் வர முடியாமல் தவித்த ஒரு பெண்ணுக்குச் சிவபெருமானே தாய் வேஷம் போட்டுக்கொண்டு வந்து பிரசவம் பார்த்தார் என்பது ஸ்தல புராணம். நாம் கேட்கிறோம்: கடவுளே மருத்துவச்சியாக வந்தாரே, வந்தவர் வலியில்லாமல் பிள்ளை பெறும் வழியை அந்த ஒரு பெண்ணுக்காவது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதாகப் புராணத்தில் ஒரு வரியாவது உண்டா? அன்று முதல் இன்றுவரை காவிரிக் கரையிலே பிரசவத்தில் மாண்ட பெண்களுக்குக் கணக்குண்டா? அவர்களுக்கெல்லாம் அவர் ஏன் தாயாகவில்லை?

தஞ்சாவூர் ஜில்லா திருக்கருகாவூரிலோ சுகப்பிரசவத்திற்கென்று விளக்கெண்ணெயை அம்மன் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அதை வாங்கிப் போய் வயிற்றில் தடவிக்கொள்ளுகிறவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எண்ணெய் வழுக்கும் என்பது உண்மை. ஆனால் அது உள்ளே போய்க் கர்ப்பப்பையின் வலியை வழுக்கிவிடாது.

இது இந்து மதத்தின் யோக்கியதை மாத்திரமல்ல. கிறிஸ்தவர் வேதத்தில், ஏவாள் பழம் தின்ற குற்றத்திற்காகப் பெண் வேதனையோடுதான் பிள்ளை பெறவேண்டும் என்பது ஆண்டவன் தண்டனை. 1847ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்ப்ஸன் என்ற டாக்டர், ஜனவரி மாதம் ஈதரையும் நவம்பர் மாதம் குளோரோபாரத்தையும் பிரசவத்திற்கு உபயோகித்தார். வேதத்தின் பெயரால் வரக்கூடிய ஆட்சேபனைக்கு அவர் அந்த டிசம்பரிலேயே ஒரு பிரசுரம் எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆதாமின் விலா எலும்பை எடுக்கும்போது ஆண்டவனே அவனை நன்றாகத் தூங்க வைத்துவிட்டுத்தானே எடுத்தார் என்று அவர்கள் வேதத்தைக் கொண்டே திருப்பிக் கேட்டார். 1853ஆம் வருஷம் ஏப்ரல் 7ந் தேதி விக்டோரியா ராணி தமது எட்டாவது பிள்ளைக்கு ஜான் ஸ்நோ என்ற டாக்டரிடம் குளோரோபாரம் வாங்கி முகர்ந்தார். ராணியே முகர்ந்த பிறகு அதைப் பாவமென்று சொல்ல அங்கே அநேகருக்கு வாய் வரவில்லை. ஆணுக்கு விலா எலும்பு போனால் மயக்கம் கொடுக்கலாம். பெண்ணுக்குப் பிள்ளை வந்தால் கொடுக்கக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

இவ்வளவும் ஏன் சொல்லுகிறோமென்றால், பிரசவ வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது நமது கட்சி. ஊசி வைத்தியர் வேதனையைக் குறைக்கிறேன் என்று சொல்லுவதில் நமக்குச் சண்டை இல்லை. குறைக்கிறாரா என்பதுதான் நமது கேள்வி.

ஐயாயிரம் வருஷத்துக் கதை

பழமை என்பது ஒரு வைத்தியத்திற்கு அத்தாட்சியானால், பேயோட்டுவதைவிடச் சிறந்த வைத்தியம் உலகத்தில் இருக்க முடியாது. ஊசி வைத்தியத்தின் பழைய புத்தகம், உடம்பிலே பன்னிரண்டு பிரதான ஓடைகள் ஓடுவதாகவும், அவற்றில் 'சீ' என்ற ஒரு சக்தி ஓடுவதாகவும், குத்துவதற்கு 365 இடங்கள் இருப்பதாகவும் சொல்லுகிறது. 365 ஏன்? வருஷத்திற்கு 365 நாளாம்! நம்மூர்ப் பஞ்சாங்கக்காரரின் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? அறுத்துப் பார்த்த டாக்டர்கள் இரத்தக் குழாயைக் கண்டார்கள், நரம்பைக் கண்டார்கள், இந்த ஓடையை மாத்திரம் இன்றுவரை ஒருவரும் கண்டதில்லை.

சீனர்களே இதை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். 1822இல் சீனச் சக்கரவர்த்தி, ஊசி குத்துவதும் சூடு வைப்பதும் அரச சரீரத்திற்குத் தகாது என்று சொல்லி, அரண்மனை வைத்தியசாலையிலிருந்து ஊசிப் பிரிவையே எடுத்துவிட்டார். பிறகு அது மறுபடியும் பெரிய மரியாதைக்கு வந்தது மாவோ காலத்தில்தான். கோடிக்கணக்கான ஜனங்கள், கைவிரல்விட்டு எண்ணக்கூடிய டாக்டர்கள். இருக்கிற நாட்டு வைத்தியரைக்கொண்டு காலந்தள்ள வேண்டிய நிலைமை. ஆகவே 1958இல் மாவோ சீன வைத்தியத்தை ஒரு பெரிய பொக்கிஷம் என்று புகழ்ந்தார். ஆனால் அவருடைய சொந்த டாக்டராயிருந்த லீ ஷீசூய் 1994இல் வெளியிட்ட புத்தகத்தில், சீன வைத்தியத்தைப் பரப்ப வேண்டும் என்று சொல்லிய மாவோ, தமக்கு அதில் நம்பிக்கை கிடையாது என்றும் தம்மிடம் சொன்னதாக எழுதியிருக்கிறார். ஊருக்கு உபதேசம் என்பது நம் நாட்டு மடாதிபதிகளுக்கு மாத்திரம் சொந்தமான சொத்தல்ல போலும்.

இந்த ஊசி மேல்நாட்டில் பரவிய கதை இன்னும் வேடிக்கை. 1971 ஜூலையில் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகாசிரியர் பீக்கிங் போயிருந்தபோது குடல்வால் வீங்கி, அங்கே ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டார். ஊசி குத்தியே அவருக்கு அறுவை செய்தார்கள் என்று இன்றும் பலர் பேசுகிறார்கள். அவர் தாமே எழுதியது என்ன? அறுவைக்கு முன் மரத்துப்போகச் செய்யும் மருந்தைத்தான் ஏற்றினார்கள் என்றும், அறுவைக்குப் பிறகு வயிற்றில் காற்றடைத்துக் கஷ்டப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் மூன்று ஊசி குத்தினார்கள் என்றும் எழுதினார். வாயு பிரிந்த கதை, வயிற்றைக் கிழித்த கதையாக மாறிவிட்டது!

1972இல் அந்தோனியோனி என்ற இத்தாலிய சினிமா டைரக்டர் சீனாவில் ஒரு படம் எடுத்தார். அதிலே ஒரு தாய்க்கு ஊசி குத்தி, விழித்திருக்கும்போதே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுப்பதைக் காட்டுகிறார். உலகம் வாயைப் பிளந்து பார்த்தது. ஆனால் அக்காலத்தில் இப்படி அறுவை செய்யப்பட்டவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்பதும், அநேகருக்கு ஊசியோடுகூட மயக்கம் தரும் மருந்தும் அறுக்குமிடத்தில் மரக்கும் மருந்தும் சேர்த்தே கொடுக்கப்பட்டன என்பதும் பிற்பாடு வெளிவந்தன.

நிற்க, இன்றைய சீனாவைப் பாருங்கள். 2017இல் யூலின் என்ற ஊரில் பிரசவ வேதனை தாங்காத ஒரு பெண், அறுத்தாவது எடுத்துவிடுங்கள் என்று மன்றாடியும் நடக்காமல், ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து விழுந்து மாண்டாள். மறுத்தது குடும்பத்தார் என்று ஆஸ்பத்திரியும், ஆஸ்பத்திரி என்று குடும்பத்தாரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டார்கள். தேசமே கொதித்தது. மறுவருஷம், அதாவது 2018இல், சீன அரசாங்கம் பிரசவ வலியைப் போக்கும் ஏற்பாட்டை ஆஸ்பத்திரிகளில் பரப்ப உத்தரவிட்டு, 900க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளை அதற்காகப் பொறுக்கியது. அங்கெல்லாம் முக்கியமாக விருத்தி செய்யப்பட்டது எது? முதுகுத்தண்டின் அருகே மருந்து செலுத்தும் எபிடியூரல் முறை! ஊசி பிறந்த வீட்டிலேயே, பெண்ணின் வேதனை நாட்டுப் பிரச்சினையானபோது மருந்தைத்தான் தேடினார்களென்றால், நம்மூர் நோட்டீசுக்காரருக்கு மாத்திரம் மருந்து ஆகாது என்பது எப்படி?

பொய் ஊசிப் பரீட்சை

"வாதம் வேண்டாம், அனுபவத்தைப் பாருங்கள், குத்திக்கொண்டவர்கள் குணமானோம் என்கிறார்களே" என்பார்கள். நல்லது. விபூதி வாங்கியவனும் குணமானேன் என்றுதான் சொல்லுகிறான். ஆகவே அனுபவத்தைப் பரீட்சிக்க ஒரு வழி வேண்டும். அந்த வழி என்னவென்றால், ஒரு கூட்டத்தாருக்கு சாஸ்திரப்படி ஊசி. மற்றொரு கூட்டத்தாருக்கு சாஸ்திரத்தில் இல்லாத இடத்தில் மேலாக ஒரு பொய் ஊசி. யாருக்கு எது என்று குத்திக்கொள்ளுகிறவருக்குத் தெரியக்கூடாது. பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இடுப்பு வலிக்காரர் 1,162 பேரை வைத்து ஜெர்மனியில் இப்படிச் செய்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மெய் ஊசியில் நூற்றுக்கு 47.6 பேருக்குச் சுகம். பொய் ஊசியில் நூற்றுக்கு 44.2 பேருக்குச் சுகம். ஊசியே இல்லாமல் வழக்கமான வைத்தியம் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 27.4 பேர்தான். தோழர்களே! இதன் அர்த்தமென்ன? ஊசியை எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்றால், அந்தப் பன்னிரண்டு ஓடையும் 365 இடமும் என்னவாயிற்று? எங்கே வேண்டுமானாலும் நின்று கும்பிடலாமென்றால் கர்ப்பக்கிரகத்தில் என்ன இருக்கிறது?

இனிப் பிரசவ விஷயம். ஸ்வீடன் தேசத்தில் முதற் பிரசவத்துப் பெண்கள் 303 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாருக்குக் கையால் ஊசி, ஒரு கூட்டத்தாருக்கு ஊசியில் மின்சாரம், ஒரு கூட்டத்தாருக்கு வழக்கமான பராமரிப்பு என்று செய்து 2014இல் வெளியிட்டார்கள். வலி எவ்வளவு என்று பெண்களையே கேட்டுக் குறித்ததில் மூன்று கூட்டத்தாருக்கும் வித்தியாசமில்லை. ஆனால் எபிடியூரல் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் வழக்கமான கூட்டத்தில் நூற்றுக்கு 70, கை ஊசியில் 61, மின்சார ஊசியில் 46. இந்தக் கடைசிக் கணக்கை ஊசி வைத்தியர்கள் எடுத்துக் காட்டுவார்கள். காட்டட்டும், நாம் மறைக்கவில்லை. மறைப்பது நமது தொழிலுமல்ல. யாருக்கு எந்த ஊசி என்பது அந்தப் பெண்களுக்கும் தெரியும், பக்கத்திலிருந்த தாதிகளுக்கும் தெரியும் என்பதை மாத்திரம் அதோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுகிறோம்.

உலகத்துப் பரீட்சைகளையெல்லாம் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2020இல், ஊசி குத்துவதையும் விரலால் அழுத்துவதையும் பற்றிய 28 பரீட்சைகளை, அதாவது 3,960 பெண்களின் கணக்கை, ஆராய்ந்தார்கள். மெய் ஊசிக்கும் பொய் ஊசிக்கும் வலியின் அளவில் வித்தியாசம் இல்லாமலோ அற்பமாகவோதான் இருக்கலாம் என்றார்கள். மருந்து கேட்பது கொஞ்சம் குறையக்கூடும், திருப்தி கூடக்கூடும் என்றும் சொன்னார்கள். அழுத்துவதில் சிறிது வலி குறையலாம் என்றும் கண்டார்கள். ஆனால் பரீட்சைகளில் ஒன்றுகூட எல்லா வகையிலும் குற்றமற்றதாக இல்லை என்றும் எழுதினார்கள். இங்கிலாந்தின் நைஸ் என்ற வைத்திய விதி ஸ்தாபனமோ 2014இல் ஒரே வரியில் முடித்தது: ஆஸ்பத்திரிகள் இதைத் தாமாகக் கொடுக்க வேண்டாம், விரும்புகிற பெண்ணைத் தடுக்கவும் வேண்டாம்.

நமது முடிவும் ஏறக்குறைய அதுவே. கிருமியற்ற சுத்தமான ஊசியால் பழகிய கை குத்தினால் பெரிய தீங்கில்லை. ஆனால் "வலி பறந்தோடும்" என்பது பொய். "மருந்து வேண்டாம்" என்பது பொய்யைவிடக் கெட்டது.

ஊசிக்காரரை வளர்த்தவர் யார்?

இவ்வளவு சொல்லிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டால் அது யோக்கியமாகாது. பெண்கள் ஏன் அந்த நோட்டீசை வாங்கிப் படிக்கிறார்கள்? நமது பிரசவ வார்டுகளின் லட்சணத்தால்தான் படிக்கிறார்கள்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன் நமது சொந்த வீட்டில் முதற் பிரசவம். ஓர் ஆஸ்பத்திரியின் மூடிய கதவுக்கு வெளியே இரவு முழுவதும் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே வலியால் கத்தின பெண்ணைப் பார்த்து ஒரு குரல், அன்றைக்கு இனித்தது இன்றைக்குக் கசக்கிறதா என்று கேட்டது. தொடையில் அறைகிற சத்தமும் கேட்டது. பெண் விடுதலையைப் பற்றி அதற்கு முந்தின வாரம்தான் நாம் இரண்டு மணி நேரம் மேடையில் பேசியிருந்தோம். அன்றிரவு கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்க நமக்குத் துணிவில்லை. கேட்டால் உள்ளேயிருப்பவளை இன்னும் கஷ்டப்படுத்துவார்களே என்று பயந்தோம். வலிக்கு ஏதாவது கொடுக்க முடியுமா என்று கேட்கலாம் என்பதுகூட நமக்கு அன்று தெரியாது. பிள்ளை பிறந்த பிறகு அவள் சொன்னது, "வலியைவிட அந்தப் பேச்சுத்தான் மறக்கவில்லை" என்பது.

ஊசிக்காரர் அப்படிப் பேசுவதில்லை. அவர் பக்கத்தில் உட்காருகிறார், கையைப் பிடிக்கிறார், "பயப்படாதே அம்மா" என்கிறார். ஸ்வீடன் கணக்கிலும் ஜெர்மன் கணக்கிலும் கொஞ்சம் சுகம் தெரிந்ததே, அதில் பெரும்பங்கு இந்த மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஒரு மனிதர் மற்றொரு மனிதரைப் பொறுமையாகத் தொட்டுப் பேசுவதற்கு ஊசி எதற்கு? சீனா எதற்கு?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளுகிறோம். 2019–21 சர்க்கார் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 வயிற்றைக் கிழித்து எடுத்தவை. கத்திக்குப் பயப்படுகிற பெண்ணைப் பைத்தியக்காரி என்று சொல்ல நாம் தயாரில்லை. ஆனால் கத்திக்குப் பயந்து ஆஸ்பத்திரியையே விட்டுவிடு என்று போதிப்பது கொலை பாதகம். 2018இல் திருப்பூரில், வீட்டில் பெறுவதே இயற்கை என்று நம்பிக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டு நடத்திய பிரசவத்தில் ஒரு தாய் இரத்தம் கொட்டி மாண்டாள். அங்கே ஊசி இல்லை; ஆனால் "மருந்து வேண்டாம், இயற்கை போதும்" என்ற இதே உபதேசம் இருந்தது. இயற்கை யாருக்கு அம்மா, யாருக்கு அப்பன்? லட்சம் பிள்ளை பிறந்தால் தமிழ்நாட்டில் 54 தாய்மார்தான் மாண்டார்கள், இந்தியா முழுவதிலும் 97 என்று 2018–20 கணக்கு சொல்லுகிறதே, இந்த வித்தியாசம் இயற்கை கொடுத்ததா? கிராமத்து நர்சும், இரத்த பாங்கியும், ஆம்புலன்சும், ஆஸ்பத்திரிக் கட்டிலும் கொடுத்தவையல்லவா?

என்ன கேட்க வேண்டும்?

2018இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட பிரசவ விதிகளில், வலிக்கு நிவாரணம் கேட்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு எபிடியூரல் கொடுக்கலாம், அபின் வகை மருந்தின் ஊசி போடலாம், உடம்பைப் பிடித்துவிடலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கலாம், அவள் விரும்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. எபிடியூரல் வலியை மெய்யாகவே அடக்குகிறது. ஏனென்றால் கர்ப்பப்பையிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் முதுகுத்தண்டில் நுழையும் இடத்திலேயே மருந்து வேலை செய்கிறது. அதிலும் குறையுண்டு. இரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், சிலருக்குத் தலைவலி வரலாம். மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் இருந்தே தீரவேண்டும். அந்த டாக்டர்தான் நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிரசவ வலிக்கென்று கிடைப்பது அருமை. பணக்காரி பட்டணத்து நர்சிங் ஹோமில் காசு கொடுத்து வலியை விற்றுவிடுகிறாள். ஏழைப் பெண்ணுக்கு விளக்கெண்ணெயும் ஊசி நோட்டீசும்! இதுதான் நாம் கோபப்பட வேண்டிய இடம்.

கூட ஒருவர் இருப்பதையாவது, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று 2016இலேயே மத்திய சுகாதார இலாகா அனுமதித்திருக்கிறது. இதற்குக் காசு வேண்டாம், டாக்டர் வேண்டாம். கேட்பதற்கு வாய் மாத்திரம் வேண்டும்.

ஆகவே தோழரே! உங்கள் முதற் கேள்விக்குப் பதில்: ஊசி என்பதால் அது மந்திரமல்ல என்று நினைக்காதீர்கள். பரீட்சையில் தோற்றும் விற்கப்படுவது எதுவானாலும், அது இரும்பாயிருந்தாலும் மந்திரந்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். "என் மனைவிக்கு வைக்கலாமா" என்று நம்மைக் கேட்டீர்கள். உங்கள் மனைவியைக் கேட்டீர்களா? வலி அவருக்கு, வயிறு அவருக்கு, பயம் அவருக்கு. கேள்வியை மாத்திரம் நீங்கள் நமக்கு எழுதுகிறீர்கள். பதிலை நாம் உங்களுக்கு எழுதுகிறோம். இரண்டு ஆண்பிள்ளைகள் கூடி ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றித் தபாலில் தீர்ப்புச் செய்வதற்குப் பெயர் பகுத்தறிவா? யூலினில் ஜன்னல் வழியே விழுந்த பெண்ணைச் சுற்றியும் தீர்மானம் பண்ணுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் சொன்னது மாத்திரம் தீர்மானமாகவில்லை.

ஆதலால் இந்தப் பத்திரிகையை அவரிடம் கொடுங்கள். படிக்கட்டும், படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டுங்கள். பிறகு அவர் ஊசி வேண்டுமென்றால், ஆஸ்பத்திரிக்குள்ளேயே, டாக்டருக்குத் தெரிந்து, சுத்தமான ஊசியாகக் குத்திக்கொள்ளட்டும். நாம் தடுக்க யார்? மருந்து வேண்டுமென்றால் இப்பொழுதே, எட்டாவது மாதத்திலேயே, ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன உண்டு, யார் கொடுப்பார், என்ன செலவு என்று கேட்டு வையுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். அவர் யாரை உள்ளே கூட வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று கேட்டு, அந்த அம்மாளை உள்ளே விடும்படி நின்று வாதாடுங்கள். கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே யாராவது வாய் கூசாமல் பேசினால், கதவைத் தட்டுங்கள். நாம் தட்டவில்லை, நீங்களாவது தட்டுங்கள்.